சுவரைவிட்டு இறங்கிய எழுத்துகள்

எழுத்துகள் எழுந்து நடந்த அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால், சரவணம்பட்டியில் ஒரு பழைய பஞ்சு குடோனுக்குக் கண்ணாடி மாட்டி ஏசி போட்டுத் திறந்திருந்த பொன்னூத்து சிஸ்டம்ஸ் என்ற கம்பெனியில் சென்னியப்பன் என்று ஒரு புரோகிராமர் இருக்கிறான் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் அவனைப் பாட்டுக் கேட்கிற ஆள் என்றுதான் தெரிந்து வைத்திருந்தார்கள். காலையில் வந்து உட்கார்ந்ததும் வலது காதில் ஏறும் இயர்போன் சாயங்காலம் கிளம்பும்போதுதான் இறங்கும். "என்ன பாட்டுங்ணா?" என்று யாராவது கேட்டால் "பழசுங்க" என்பான். அவன் கேட்டதெல்லாம் கம்ப்யூட்டர் ஒரு பெண்குரலில், ரயில் தாமதமாக வரும் என்று சொல்கிற அதே சலனமற்ற குரலில், வரி வரியாகப் படித்துக் காட்டிய அவனுடைய புரோகிராமைத்தான்.

காரணம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. சென்னியப்பன் பார்த்தால் எழுத்துகள் நிற்காது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் சத்தியமங்கலம் வண்டி வந்துவிட்டது என்று யாரோ குரல் கொடுத்த மாதிரி, பின்னால் நின்றது முன்னால் ஓடும், மேல் வரியில் இருந்தது கீழ் வரிக்காரனோடு பேசப் போகும், அடைப்புக்குறி ஒன்று இடம் பிடிக்கத் துண்டு போட்டுவிட்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டு அலையும். பள்ளிக்கூடத்தில் இதற்கு மரமண்டை என்று பெயர். பிற்பாடு பீளமேட்டில் ஒரு கண் டாக்டர், "கண்ணு கழுகுக் கண்ணுங்க, கோளாறு இங்க இல்லை" என்று வேறொரு டாக்டரிடம் அனுப்ப, அவர் டிஸ்லெக்ஸியா என்று பெயர் வைத்தார். பெயர் வைத்ததோடு வைத்தியம் முடிந்தது.

அவன் பெரிய மேதை ஒன்றுமில்லை. மற்றவர்கள் செய்கிற வேலையை அவனும் செய்தான், மற்றவர்களைவிட இரண்டு மடங்கு களைத்தான், அவ்வளவுதான். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குச் சம்பளம் போடுகிற மென்பொருள்தான் அங்கே எல்லாருடைய வேலையும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவன் எழுதியதைச் சோதித்துப் பார்க்கிற ஃபர்சானாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். ஒருநாள் இயர்போன் கழன்று குரல் வெளியே கேட்டுவிட்டது. அவள் நாற்காலியோடு உருண்டு வந்து, "என்னண்ணா, கமா, அடைப்பு மூடு, அடுத்த வரின்னு ஒரு பாட்டு? எந்தப் படம்? பொம்பளை நல்லாத்தான் பாடுறா, உயிர்தான் இல்லை" என்றாள். அவன் சொன்னான். அன்றிலிருந்து வருகிற மெயில்களையெல்லாம் அவளே அவனுக்குக் காதோடு படித்துச் சொல்வாள், படிக்கும்போது மேனேஜர்களின் குரலிலேயே படிப்பாள்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஊழியர் நலன் பார்க்கிற ஜெசிந்தாவிடம் போய், திரையில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொள்ளவும் கடுதாசி வேலைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரமும் கேட்டிருக்கிறான். ஜெசிந்தா கெட்டவள் அல்ல. பிறந்தநாளுக்கு மறக்காமல் கேக் வெட்டுகிறவள். "பாலிசியில இல்லைங்களே சென்னியப்பன். உங்க ஒருத்தருக்குச் செஞ்சா எல்லாரும் கேப்பாங்க" என்றாள். எல்லாரும் கேட்டால் என்ன ஆகும் என்று அவன் கேட்கவில்லை. அதற்கான விடை பல வருஷம் கழித்துத் தானாக வந்தது.

மெட்ராஸில் பெரிய கம்பெனிகளையெல்லாம் பார்த்துவிட்டு ஆதிகேசவன் என்பவர் மேனேஜராக வந்ததும் வெள்ளிக்கிழமை வாசிப்பு என்ற பழக்கத்தைக் கொண்டுவந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாருக்கும் கண் செருகுகிற நேரத்தில் பெரிய அறையில் கூட்டி, ஒவ்வொருவர் புரோகிராமையும் சுவரில் பெரிதாகக் காட்டி, எழுதியவரே எழுந்து நின்று வாய்விட்டுப் படிக்க வேண்டும். "தான் எழுதினதைத் தானே படிக்க முடியலைன்னா, அதை நீங்க எழுதலைன்னு அர்த்தம்" என்பார். திக்கித் திணறியவர்களுக்கு வேலை கொடுக்காமல் ஓரமாக உட்கார வைப்பார்கள். ஓரமாக உட்கார்ந்தவர்கள் சீக்கிரமே வாசல் வழியாக வெளியே போனார்கள்.

சென்னியப்பன் வெள்ளிக்கிழமைதோறும் பல் டாக்டரிடம் போனான். வாயில் இருக்கிற பல்லெல்லாம் தீர்ந்தபோது ஆதிகேசவன் கூப்பிட்டு, "உங்களுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் பல் வலிக்குமா? இந்த வாரம் முதல் ஆள் நீங்கதான்" என்றார்.

ஆக அந்த வெள்ளிக்கிழமை அவன் சுவருக்கு முன்னால் போய் நின்றான். எழுத்துகள் வழக்கம்போலக் கிளம்பத் தயாரானதை அவன் பார்த்தான். கொஞ்ச நேரம் நில்லுங்கடா, இன்றைக்கு ஒருநாள் நில்லுங்கடா என்று மனசுக்குள் மன்றாடினான். அவை அவனை ஒருதரம் பார்த்தன. பிறகு முதல் வரியில் ஒல்லியாக நின்ற ஒரு எழுத்து சோம்பல் முறித்தது, சுவரிலிருந்து ஒரு காலை எடுத்துக் கீழே வைத்தது, அதன் பின்னால் அடுத்தது, அதன் பின்னால் வரி முழுக்க, சினிமா விட்ட கூட்டம் மாதிரி சுவரைவிட்டு இறங்கித் தரையில் நடந்து நாற்காலிகளுக்கு அடியில் புகுந்து கதவிடுக்கு வழியாக வராந்தாவுக்குப் போயின. சென்னியப்பனுக்கு இதில் புதிதாக எதுவும் தெரியவில்லை. ஜெசிந்தா இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டு "ஐயோ மாதாவே, என் செருப்புக்குள்ள போகுது!" என்று கத்தியபோதுதான், இந்தத் தடவை எல்லாரும் பார்க்கிறார்கள் என்று அவனுக்குப் புரிந்தது.

"புரொஜெக்டர் ஒயரைப் பாருங்கப்பா" என்றார் ஆதிகேசவன்.

ஒயரில் கோளாறு இல்லை. சாயங்காலத்துக்குள் எல்லாருடைய திரையிலும் எழுத்துகள் எழுந்துவிட்டன. திங்கட்கிழமை வந்த பூச்சி மருந்து அடிக்கிறவர் முழங்கால் போட்டுக் குனிந்து பார்த்துவிட்டு, "கரையானுக்கு இருக்குது, கரப்பானுக்கு இருக்குது, இதுக்கு எங்ககிட்ட மருந்து இல்லீங்க. இருந்தாலும் அடிக்க மாட்டேன், படிச்ச வீட்டுச் சாபம் எதுக்கு" என்று போய்விட்டார். வாஸ்து பார்க்கிறவர், குடோனில் பஞ்சு இருந்த ஈசான்ய மூலையில் இப்போது சர்வர் இருப்பதால்தான் இப்படி என்று அதன்மேல் எலுமிச்சம்பழம் கட்டினார். முதலாளி, அப்பா காலத்தில் நூல் மில் நடத்திய குடும்பத்துக்காரர், போனில் ஒரே கேள்விதான் கேட்டார்: "மெஷின் ஓடுதா?"

"ஓடுதுங்க."

"அப்புறம் என்ன?"

மெஷின் ஓடியது. அதுதான் வேடிக்கை. கம்ப்யூட்டருக்கு எழுத்துகள் வைத்த இடத்திலேயே இருந்தன, திருப்பூரில் சம்பளம் நாள் தவறாமல் போனது. மனுஷர் கண்ணுக்குத்தான் அவை நிற்கவில்லை. ஆகவே மனுஷர்கள் பழகிக்கொள்ள ஆரம்பித்தார்கள். பெருக்க வருகிற மாரக்கா துடைப்பத்தால் எழுத்துகளை நோகாமல் ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவாள். டீ போடும் இடத்தில் கமாக்கள் சர்க்கரை டப்பாவை மொய்க்க, டப்பாவுக்கு இறுக்கமான மூடி வாங்கினார்கள். பெரிய எழுத்துகள் கனம் தாங்காமல் ஏசிக்கு அடியில் படுத்துக்கொண்டன, சின்னவை சுறுசுறுப்பாக மாடிப்படி ஏறி இறங்கின. தயிர்சாதத்தில் ஒரு எழுத்து கிடந்தது என்று ஒருவர் புகார் கொடுத்தார், எந்த எழுத்து என்று கேட்டதற்கு அது நிற்கவில்லையே, எப்படிச் சொல்வது என்றார்.

பிறகு கம்பெனி இரக்கப்பட ஆரம்பித்தது. ஒரே வாரத்தில் எல்லாருக்கும் இயர்போன் வந்தது, எல்லாருடைய கம்ப்யூட்டரும் ரயில்வே குரலில் பேசத் தொடங்கியது. திரையெல்லாம் கண்ணுக்கு இதமான மஞ்சளானது, வேலைக்குக் கூடுதல் நேரம் வந்தது, வெள்ளிக்கிழமை வாசிப்பு நின்றது. எழுத்து நிற்காதவர்கள் எப்படி வேலை செய்வது என்று சொல்லித்தர பெங்களூரிலிருந்து ஒரு நிபுணர் வந்து, சென்னியப்பன் தினமும் செய்வதையெல்லாம் நாள் முழுக்கச் சொன்னார். சொன்னதைச் சுவரிலும் எழுத்தில் போட்டுக் காட்டினார், அந்த எழுத்துகள் அவர் பேசி முடிப்பதற்குள் டீ குடிக்கப் போய்விட்டன. ஜெசிந்தா மைக்கில் அறிவித்தாள்: எழுத்து அசைவால் அவதிப்படுகிற ஊழியர்களை யாரும் கேலி செய்யக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது, அவர்களும் நம்மைப் போன்றவர்களே.

சென்னியப்பன் அவள் மேஜைக்குப் போனான். "அன்னிக்கு நான் இதைத்தானுங்க கேட்டேன். பாலிசியில இல்லைன்னீங்க."

"அன்னிக்கு நீங்க ஒருத்தருங்க" என்றாள் ஜெசிந்தா, உண்மையான வருத்தத்தோடு. "இன்னிக்கு எல்லாருக்கும்ல வந்திருக்குது."

அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான். கோபம் வந்திருக்க வேண்டும், வந்ததும்தான், ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று வந்திருந்தது. சுற்றிலும் பார்த்தால் எல்லார் காதிலும் இயர்போன். எல்லாரும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, வரியை விரலால் துரத்திக்கொண்டு, இரண்டு மடங்கு களைத்துக்கொண்டு இருந்தார்கள். வாழ்க்கையில் முதல்தடவையாக அவன் சொந்த ஊருக்கு வந்து இறங்கின மாதிரி உணர்ந்தான். கல்லூரியில் தங்க மெடல் வாங்கியவர்கள் கழிப்பறையில் போய் அழுதார்கள். "ஒரு வாரம்கூட இப்படி இருக்க முடியாதுங்ணா" என்று எதிர் வரிசைக்காரன் ஒருவன் புலம்பினான். "பழகிரும்" என்றான் சென்னியப்பன், கொஞ்சம் சந்தோஷத்தோடுதான்.

ஃபர்சானா மட்டும் ஒருநாள் இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எப்படிண்ணா? சின்னப் பையன்ல இருந்தா?"

"வேற கண்ணு இல்லையே அம்மிணி" என்றான்.

கம்பெனியை விலை பேச வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்ற பேச்சு கிளம்பிய பிறகு ஒரு திங்கட்கிழமை முதலாளியே நேரில் வந்தார். மைக்கை வாங்கி, "எழுத்தெல்லாம் நின்னுருச்சு. சாமி புண்ணியம். எல்லாரும் பழையபடி வேலையைப் பாருங்க" என்றார். எல்லாரும் தங்கள் திரையை ஒருதரம் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முன்வரிசையில் ஒருவர் கைதட்டினார், அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். இன்னும் குணமாகாதவர்கள் பயப்பட வேண்டாம், குணமாகும்வரை வீட்டில் ஓய்வெடுக்கலாம் என்றும் அவர் சொன்னார். அந்த ஓய்வு எப்படிப்பட்டது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஜெசிந்தா ஒரு பிளாஸ்டிக் கூடையோடு நாற்காலி நாற்காலியாக வந்து இயர்போன்களை வாங்கினாள். "உங்களுக்கு நின்னுருச்சுங்களா?"

"நின்னுருச்சுங்க."

"உங்களுக்கு?"

"சனிக்கிழமையே நின்னுருச்சுங்க. நான்தான் சொல்லலை."

சென்னியப்பன் தன் திரையைப் பார்த்தான். சத்தியமங்கலம் வண்டி வந்துகொண்டேதான் இருந்தது. மற்றவர்களுக்கு எழுத்து நின்றதா இல்லையா என்று சொல்ல முடியாத ஆள் அந்தக் கட்டடத்தில் அவன் ஒருவன்தான், அவனுக்கு எப்போதும் இப்படியேதானே. அவர்களெல்லாம் கரையேறிவிட்டார்கள், தன்னை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்தான். கூடை அவனிடம் வந்தபோது அவனும் "நின்னுருச்சுங்க" என்றான். அவனுடைய இயர்போன் சொந்தக் காசில் வாங்கியது, அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"உனக்கும் நின்னுருச்சா?" என்று ஃபர்சானாவிடம் கேட்டான்.

"ம்... நின்னுருச்சுண்ணா" என்றாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று மெயில் படித்துச் சொல்லவில்லை, மறுநாளும் இல்லை, கேட்டால் "தலைக்கு மேல வேலைண்ணா" என்றாள். குணமான பிறகு குணமாகாதவன் பக்கத்தில் உட்காரக் கூச்சமாக இருக்குமாக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான். அதுதான் அவனுக்கு ரொம்ப வலித்தது.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை வாசிப்பு திரும்ப வந்தது. யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்று ஆதிகேசவனே முதலில் எழுந்தார். சுவரில் புரோகிராம் பெரிதாக விழுந்தது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கணீரென்று, மூச்சு விடாமல் படித்தார், எல்லாரும் சுவரைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பாதியில் மின்சாரம் ஒரு துடிப்புத் துடித்தது, புரொஜெக்டர் அணைந்து சுவர் வெறும் வெள்ளைச் சுவராகிவிட்டது.

ஆதிகேசவன் தொடர்ந்து படித்துக்கொண்டிருந்தார்.

வெறும் சுவரைப் பார்த்து நாலைந்து வரி படித்தார். கூட்டம் வெறும் சுவரைப் பார்த்துத் தலையாட்டியது. வெளிச்சம் திரும்பி வந்தபோது அவர் குரலில் ஒரு சின்னத் தடுமாற்றம்கூட இல்லை.

இந்தப் படிப்பு சென்னியப்பனுக்குத் தெரியும். ஆறாம் வகுப்பு முழுக்க அவன் இதைத்தான் படித்தான். பக்கத்து வீட்டு அக்காவைப் படிக்கச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டு போய், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோமா என்றுகூடத் தெரியாமல், கணீரென்று, நிறுத்தாமல். நிறுத்தினால் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது, அதனால் மூச்சு விடக் கூடாது. அவன் மெதுவாகத் திரும்பி வரிசைகளைப் பார்த்தான். ஒவ்வொரு வாயும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. பரீட்சை அறை வாசலில் பிள்ளைகள் முணுமுணுப்பது மாதிரி அத்தனை பேரும் தங்கள் தங்கள் பகுதியை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். எதுவும் நின்றிருக்கவில்லை. யாரும் கரையேறியிருக்கவில்லை.

"அடுத்தது ஃபர்சானா" என்று சொல்லிவிட்டு ஆதிகேசவன் உட்கார்ந்தார்.

ஃபர்சானா திடுக்கிட்டாள். அவள் முறை அடுத்த வாரம் என்று சொல்லியிருந்தார்கள். எழுந்து போய் நின்றாள். அம்மாவும் அவளும் மட்டும் இருக்கிற கரும்புக்கடை ஏரியா வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில்தான். சுவரைப் பார்த்தாள், கண்கள் அலைந்தன, வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

"படிங்க."

"தொண்டை சரியில்லை சார்."

"தொண்டையா, கண்ணா? நின்னுருச்சுன்னு சொன்னீங்களே? முடியலைன்னா சொல்லிடுங்க, திங்கட்கிழமையில இருந்து ஓய்வெடுக்கலாம்."

சென்னியப்பன் தன் பகுதியை நாலு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தான். உட்கார்ந்தே இருந்தால் இந்த வாரம் பிழைத்துக்கொள்ளலாம். அவன் எழுந்து நின்றான்.

"சார், எனக்கும் எழுத்து நிக்கலீங்க" என்றான். "நின்னுருச்சுன்னு நான் சொன்னது பொய். எனக்கு இது இங்க வந்து வந்ததில்லை, பொறந்ததுல இருந்தே இப்படித்தான். எனக்குப் படிக்க வராது. காதுல கேட்டுத்தான் இத்தனை வருஷமும் வேலை பார்த்தேன்."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் கேட்டதாக ஆகிவிடும். அவன் முன்னால் போனான், மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரில் அந்தக் குரலைத் தட்டிவிட்டான், சத்தத்தை முழுக்கக் கூட்டினான். ரயில் தாமதத்தைச் சொல்கிற குரல் ஃபர்சானாவின் வரிகளைப் படிக்கத் தொடங்கியது. கோடையில் குழாயில் தண்ணீர் வந்த சத்தம் கேட்ட தெரு மாதிரி அறை முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது. முணுமுணுத்த வாய்கள் மூடின. ஒருவர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். ஆதிகேசவன் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்டார், ஒரு இடத்தில் "ஆமா, இங்கதான் போன வாரம் தப்பு இருந்துச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கடைசி வரி வரை குரல் படித்து முடித்தது.

ஆதிகேசவன் கண்ணைத் திறந்தார். முதலாளியின் முகம் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"நல்லாப் படிச்சீங்க, ஃபர்சானா" என்றார்.

எல்லாரும் கைதட்டினார்கள்.

"நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சுங்களா சார்?" என்றான் சென்னியப்பன்.

"விழுந்துச்சே. கணீர்னு இருந்துச்சு. அடுத்தது நீங்கதானே? படிங்க."

சென்னியப்பன் சுவரைப் பார்க்கவில்லை. சுவருக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நின்றான். "எனக்குப் படிக்க வராதுங்க" என்று மறுபடியும் சொன்னான்.

இந்தத் தடவை பக்கத்தில் நின்ற ஃபர்சானாவின் தொண்டை சரியாகிவிட்டது. "எனக்கும் வரலை சார். நிக்கவே இல்லை. எனக்கு ஒருநாளும் நிக்கலை" என்றாள். பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. தங்க மெடல் வாங்கிய ஒருவன் எழுந்து நின்றான். அவன் பக்கத்தில் இன்னொருத்தி. பிறகு வரிசை வரிசையாக எழுந்தார்கள், கடைசியில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆதிகேசவனும், கூட்டத்தில் நடப்பதையெல்லாம் முதலாளிக்குக் குறித்து அனுப்புகிற ஜெசிந்தாவும்தான்.

ஆதிகேசவன் அவள் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார், ஆனால் அறையில் அவ்வளவு அமைதி, எல்லாருக்கும் கேட்டது: "ஜெசிந்தா, இதையெல்லாம் எழுத வேண்டாம்."

ஜெசிந்தா பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள்.

"எழுதினா மட்டும் யாருங்க சார் படிக்கப் போறது?" என்று சொல்லிவிட்டு அவளும் எழுந்து நின்றாள்.